அக்காவின் பல்செட்டுக்கு ஏழு வழிகள்

அந்த வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஏழு வழிகள் இருந்தன. ஏழும் நல்ல வழிகள். ஒவ்வொன்றுக்கும் தனி நிறத்தில் வழவழவென்று ஒரு கையேடு உண்டு. அட்டையில் ஒரு குடும்பமே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். பணம் மட்டும் போகாது. அந்த ஒரு சின்னக் குறையைப் பெரிதுபடுத்தாமல் பார்த்தால், அப்படி ஒரு வங்கி நீங்கள் எங்கே தேடினாலும் கிடைக்காது.

லிஃப்ட்காரர் அங்கே போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அவருடைய அக்காவின் பல்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறவர் அல்ல. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். முப்பது வருடமாக அதே தொழில். ஐந்தாம் மாடி பட்டனை அமுக்கினால் ஐந்தாம் மாடிக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர, உலகத்தைப் பற்றி அவருக்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. அந்தத் திங்கட்கிழமை காலை, ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலையில் உட்கார்ந்து தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வெளிநாட்டிலிருந்து அக்கா.

"டேய், எங்கடா இருக்க?"

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்கேன்க்கா."

"உன் புத்தி எங்க இருக்குன்னு கேட்கல. சரி, கேளு. என் பல்லு ரெடியாயிடுச்சு."

அக்கா அந்த நாட்டுக்குப் போய் இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அத்தான் காலமான பிறகு, குடியிருக்கும் கட்டடத்தின் அடித்தளத்தில் சலவைக்கடை வைத்து ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்தவள். அந்த மகளுக்குத்தான் அடுத்த வாரம் சனிக்கிழமை கல்யாணம். இருந்த பணமெல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டது. வாயில் இருந்த பல்லெல்லாம் அதற்கு முன்பே போய்விட்டது.

"டாக்டர் அட்வான்ஸ் மட்டும் வாங்கிக்கிட்டு செட்டைச் செஞ்சு கண்ணாடி அலமாரியில வச்சிருக்கான். மீதியைக் குடுத்தாத்தான் தருவானாம். நான் போறப்பல்லாம் என் பல்லு என்னைப் பார்த்துச் சிரிக்குதுடா. எனக்குத் திருப்பிச் சிரிக்க முடியல."

"கவலைப்படாத அக்கா, அனுப்பிடறேன்."

"சம்பந்தியம்மாவுக்கு முப்பத்திரண்டும் இருக்கு. ஒண்ணுவிடாமக் காட்டிக்கிட்டே இருக்கா. நான் பக்கத்துல சுருக்குப்பை மாதிரி உட்கார்ந்திருக்கணுமா? மேடையில ரெண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்காங்க. பல்லு வரலேன்னா நான் கல்யாணத்துக்கே போக மாட்டேன். சொல்லிட்டேன்."

"பெத்த பொண்ணு கல்யாணத்துக்கா?"

"பேசாத. சின்ன வயசுல உனக்கு சோடா மூடியைக் கடிச்சுத் திறந்து திறந்துதான் முன்பல்லு ரெண்டும் ஆட ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கிளம்பிடுச்சு. முதல் ரெண்டுக்கு நீதான் பொறுப்பு."

லிஃப்ட்காரர் அதை மறுக்கவில்லை. அந்த சோடாக்களைக் குடித்தவர் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு வங்கிக்குப் போனார். சம்பளக் கணக்கு முப்பது வருடமாக அங்கேதான். வாசலில் இருந்த காவலாளி ஒரு டோக்கன் கொடுத்தார். அது, எந்த டோக்கன் எடுப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்கான டோக்கன். அதைக் கொடுத்து இன்னொரு டோக்கன் வாங்கி, ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு, 'வழித்தேர்வு மையம்' என்று எழுதியிருந்த கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். உள்ளே கழுத்தில் டை, கையில் பிரம்பு, பின்னால் உலகப்படம் சகிதமாக வழி ஆலோசகர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, உட்காருங்க. உங்களுக்குப் பணம் அனுப்பணுமா, இல்ல பணம் போய்ச் சேரணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

ஆலோசகர், நோயாளியைப் பார்க்கிற டாக்டர் மாதிரி பரிவோடு புன்னகைத்தார். பிறகு பிரம்பால் உலகப்படத்தைத் தட்டி வழிகளை விளக்க ஆரம்பித்தார்.

துரித வழியில் பணம் போக ஒன்பது நாள் ஆகும் என்றார். ஏன் என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"ஒருத்தர் வேகமா அனுப்பணும்னு சொன்னா நாங்க சந்தேகப்படணுமா இல்லையா? ஏன் இவ்வளவு அவசரம்னு விசாரிக்கவே அஞ்சு நாள் ஆகும். உங்களுக்கு அதுவும் பத்தலேன்னா அதிதுரித வழி இருக்கு. பதினாறு நாள்."

"இன்னும் கூடுதலா?"

"அதுக்குக் கிளை மேலாளரே கைப்பட எழுதி அனுமதி தரணும். அவர் எவ்வளவு பிஸி தெரியுமா? வேற எந்த வழிக்கும் அவர் நேரம் ஒதுக்கறதில்லை. அவ்வளவு முக்கியத்துவம் குடுக்கறோம் வேகத்துக்கு."

கட்டணமில்லா வழி அடுத்தது. அதில் ஒரு காசு கட்டணம் கிடையாது. அந்த நாட்டுப் பணமாக மாற்றும்போது மட்டும் விகிதம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

"எவ்வளவு முன்னே பின்னே?"

"முன்னே இருக்காது. எவ்வளவு பின்னேங்கிறதைச் சொல்றதுக்கு ஒரு சின்னக் கட்டணம் இருக்கு."

பத்திர வழியைப் பற்றிச் சொல்லும்போது ஆலோசகரின் குரலே தழுதழுத்துவிட்டது. ஆரம்பித்த நாளிலிருந்து அதில் ஒரு ரூபாய்கூடத் தொலைந்ததில்லையாம். எத்தனை நாளில் போகும் என்று லிஃப்ட்காரர் கேட்டார். "போனாத்தானே சார் தொலையும்?" என்றார் ஆலோசகர். மூத்தோர் வழிக்கு அறுபது வயது ஆகியிருக்க வேண்டும். லிஃப்ட்காரருக்கு ஐம்பத்து மூன்று. இப்போதே விண்ணப்பித்தால் பரிசீலனை முடிகிற நேரத்துக்கு வயது சரியாக இருக்கும் என்று ஆலோசகர் நம்பிக்கை ஊட்டினார். போன் வழி எல்லாவற்றிலும் சுலபமாம். ஏற்கெனவே ஒரு தடவை வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியிருந்தால் அதற்கான செயலியைப் போனில் இறக்கிக்கொள்ளலாம்.

போன் வழிக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் விலாசத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஏழாவதாக ஒன்று இருந்தது. சாதாரண வழி. நான்கு நாள்.

"இதுல போட்டுடுங்க சார்" என்றார் லிஃப்ட்காரர்.

ஆலோசகரின் கையிலிருந்து பிரம்பு நழுவியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பதினோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இதை யாரும் கேட்டதில்லை. துரிதம் கேட்டா அவசரக்காரர்னு புரியுது. கட்டணமில்லாதது கேட்டா கஞ்சன்னு புரியுது. சாதாரணமாப் போனாப் போதும்னு சொல்ற ஆளோட மனசுல என்ன இருக்குன்னு நாங்க எப்படிப் புரிஞ்சிக்கறது?"

"மனசுல ஒண்ணும் இல்ல சார். அக்காவுக்குப் பல்லு."

ஆலோசகர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பதினான்கு இடங்களில் கையெழுத்து வாங்கினார். பதினான்காவது கையெழுத்தின் மை காய்வதற்குள் லிஃப்ட்காரரின் போன் சிணுங்கியது. 'வாழ்த்துகள்! உங்கள் பணம் புறப்பட்டது.' கணக்கைத் துடைத்து எடுத்த மாதிரி இருந்தது, மிச்சம் பஸ்ஸுக்குத்தான் ஆகும். ஆனாலும் மனுஷனுக்குச் சந்தோஷம். ஆலோசகரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சந்தோஷம். அப்படியே மூணாவது மாடிக்குப் போய் நோக்கம் சொல்லிட்டு வந்துடுங்க."

"பணந்தான் புறப்பட்டுடுச்சே?"

"உங்ககிட்ட இருந்து புறப்பட்டிருக்கு. எங்ககிட்ட இருந்து இன்னும் புறப்படல."

"அப்போ இப்ப எங்க இருக்கு?"

"புறப்பாட்டுல இருக்கு" என்றார் ஆலோசகர்.

மூன்றாவது மாடியில் நோக்க அதிகாரி இருந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மையார். எதிரே தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். மனிதர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக்கூடிய இருநூற்றுப் பதினான்கு நோக்கங்களும் அதில் வரிசை எண்ணோடு இருந்தன. இருநூற்றுப் பதினைந்தாவதாக ஒரு நோக்கம் உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் ஒழுங்கான ஆள் இல்லை என்று அர்த்தம்.

"என்ன நோக்கம்?"

"அக்காவுக்குப் பல்செட் மேடம்."

"பல்லா?" அம்மையார் பக்கங்களைப் புரட்டினார். "பிடுங்கறாங்களா, வைக்கறாங்களா?"

"வைக்கறாங்க."

"ஐயோ. பிடுங்கினா மருத்துவம், நூத்தி எட்டு. இப்பவே முடிச்சுக் குடுத்திருப்பேன். கழட்டி மாட்டற செட்டா?"

"ஆமா."

"ராத்திரி கழட்டி டம்ளர்ல போட்டு வைப்பாங்களா?"

"வைப்பாங்கன்னுதான் நினைக்கறேன்."

"அப்போ அது உறுப்பு இல்லை. உறுப்பை யாரும் டம்ளர்ல போட்டு வைக்க மாட்டாங்க. டம்ளர்ல போட்டு வைக்கறது சரக்கு. வெளிநாட்டுச் சரக்குக்கு இங்க இருந்து பணம் போனா அது இறக்குமதி." எண்ணைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. "பதினேழு. பாத்தீங்களா, எல்லாத்துக்கும் ஒரு எண் இருக்கு. எண் இல்லாத கஷ்டம்னு உலகத்துல எதுவும் கிடையாது."

"மேடம், அன்பளிப்புன்னு போட்டுக்க முடியாதா? தம்பி அக்காவுக்குக் குடுக்கறது."

"அவங்களுக்கு இது அவசியமாத் தேவைப்படுதா?"

"ரொம்ப."

"அப்போ எப்படி அன்பளிப்பாகும்? தேவையில்லாததைக் குடுத்தா அன்பளிப்பு. தேவைப்படறதைக் குடுத்தா உதவி. உதவிக்கு எங்ககிட்ட எண் இல்லை."

இந்தச் சமயத்தில் லிஃப்ட்காரரின் போன் அடித்தது. அவர் பராமரிக்கிற ஒரு குடியிருப்பின் காவலாளி. லிஃப்ட்டில் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்களாம். லிஃப்ட்காரர் உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார்: "பதறாத. மெயினை ஆஃப் பண்ணு. மாடி ரூம்ல மஞ்சள் கம்பியை இழுத்தா பிரேக் விடும். நான் காட்டினேனே, அந்தச் சக்கரத்தை மெதுவாச் சுத்து. தளத்துக்கு நேரா வந்ததும் நிறுத்திட்டுக் கதவைத் திற." நான்கு நிமிடத்தில் மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர்கள் நன்றி சொல்வது போனில் கேட்டது.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உள்ள இருந்தவங்க எந்த மாடிக்கு, எதுக்காகப் போனாங்கன்னு கேட்டீங்களா?"

"இல்லையே மேடம்."

"கேட்காமலேயே திறந்துட்டீங்களா?"

"மாட்டிக்கிட்டாங்கன்னா முதல்ல திறக்கணும் மேடம். அதான் தொழில்."

"நல்ல தொழில்!" என்று அம்மையார் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிவிட்டு, பதினேழாம் எண் படிவத்தை நீட்டினார். அதில் சரக்கின் எடை, நிறம், எண்ணிக்கை, புதியதா பழையதா, எந்த நாட்டில் உற்பத்தி என்றெல்லாம் கேட்டிருந்தது. இறங்கும் துறைமுகம் என்று ஓர் இடம்.

"இங்க என்ன எழுதறது மேடம்?"

"சரக்கு எங்க இறங்குதோ அது."

"அக்கா வாயில."

"வாய்னே எழுதுங்க. பரிசோதனை அப்புறம் வரும்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி சிரிக்கவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களுக்குக் கணக்கு வைக்கிறவர். எதையும் நேராகப் பார்ப்பவர்.

"ஏங்க, தெருமுனையில போன் கார்டு விக்கறவரு பத்து நிமிஷத்துல அனுப்பிடறாராம். தெருமுனையிலேயே தைக்கற டெய்லர் வெளிநாட்டுக்கு அனுப்ப மாசாமாசம் அவர்கிட்டதான் குடுக்கறாரு. பேசாம பேங்க்ல இருந்து திருப்பி வாங்கி அவர்கிட்ட குடுங்க."

"கேட்டேன். திருப்பி வாங்கறதுக்கும் வழி இருக்காம்."

"அப்புறம் என்ன?"

"ஒம்பது வழி. எதுன்னு தேர்வு செய்யணும்."

"உங்க அக்கா பல்லைப் பிடுங்கிக்கிட்டதே இதுக்குப் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனார்.

புதன்கிழமை அக்காவுக்குப் போன் போட்டுச் சரக்கு விவரம் கேட்டார்.

"எடையாடா? பல்லைத்தானே கேட்டேன், பீரோவா கேட்டேன்?"

"படிவத்துல இருக்குக்கா."

"நான் அலமாரிக்கு வெளிய நின்னு பார்க்கறவ. எடை எப்படிடா தெரியும்? சரி, எழுதிக்கோ. எண்ணிக்கை இருபத்தெட்டு. கடைசி நாலைக் குறைச்சுட்டான், அது யார் கண்ணுக்கும் தெரியாதாம். நிறம், சம்பந்தியம்மாவோடதை விட ஒரு படி வெளுப்பு. அதைப் பெரிசா எழுது."

வியாழக்கிழமை படிவத்தைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்தே கூப்பிட்டார்கள். வழி ஆலோசகரின் குரல் குழைந்தது. "சார், ஒரு நல்ல செய்தி. சாதாரண வழியோட முதல் பயனாளர் நீங்கதான். மேலாளர் ரொம்ப நெகிழ்ந்துட்டார். திங்கட்கிழமை உங்க பணத்துக்கு வழியனுப்பு விழா. குடும்பத்தோட வந்துடுங்க."

"விழா வேண்டாம் சார். சனிக்கிழமை கல்யாணம். பணத்தை மட்டும் அனுப்பிடுங்க."

"விழா இல்லாம எப்படி அனுப்பறது? பேனர் அடிச்சாச்சே."

திங்கட்கிழமை நான்காவது மாடிக் கூடத்தில் இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். கீழே கவுன்ட்டர்களை மூடிவிட்டு ஊழியர்கள் எல்லோரும் மேலே வந்திருந்தார்கள். அவசரமாகப் பணம் எடுக்க வந்த வாடிக்கையாளர்களையும் காவலாளி மேலே ஏற்றிவிட்டிருந்தார், கூட்டம் நிறைவாகத் தெரிய வேண்டுமே. மேடையில் ஒரு பேனர். அதில் லிஃப்ட்காரரின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'சாதாரண மனிதர், சாதாரண வழி, அசாதாரண வங்கி' என்று எழுதியிருந்தது. லிஃப்ட்காரரையும் மனைவியையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. சாதாரண வழிக்கு நான்கு நாள் வேண்டும். அன்றைக்குப் பணம் கிளம்பாவிட்டால் அக்கா கல்யாணத்தன்று சலவைக்கடையில்தான் உட்கார்ந்திருப்பாள்.

கிளை மேலாளர் மைக்கைப் பிடித்தார். ஆஜானுபாகுவான மனிதர். நல்ல நிறம். சிரித்தால் கூடமே வெளிச்சமாகும்.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! சென்ற ஆண்டு நாற்பதாயிரம் பேர் நம்மிடம் வந்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை பேரும் திருப்தி அடைந்தார்கள். எப்படித் தெரியும்? தேர்ந்தெடுத்த உடனேயே அவர்களிடம் எழுதி வாங்கிவிடுகிறோம். 'என் பணம் எங்கே?' என்று கேட்டு எத்தனை புகார் வந்தது தெரியுமா? ஒன்றுகூட இல்லை. புகாரை ஏற்றுக்கொள்ள ஐந்து வழிகள் வைத்திருக்கிறோம், இன்னும் யாரும் தேர்வு செய்து முடிக்கவில்லை."

ஊழியர்கள் கைதட்டினார்கள். மேலாளர் உற்சாகமானார்.

"சிலர் கேட்கிறார்கள், பணம் போய்ச் சேருமா என்று. எவ்வளவு குறுகிய பார்வை! சேர்ப்பது அந்த நாட்டு வங்கியின் வேலை. அனுப்புவது தலைமையகத்தின் வேலை. தேர்வு செய்ய வைப்பதுதான் நம் வேலை. சின்னப் பெட்டிக்கடைக்காரன்கூட இன்று பத்து நிமிடத்தில் பணத்தை அனுப்பிவிடுகிறான். வாடிக்கையாளருக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறானா? பொறுப்பில்லாதவன்! இந்த வழிகளை எல்லாம் நேரில் படித்து வர நானே மூன்று நாடுகளுக்குப் போய்வந்தேன். வங்கியின் செலவில், வாடிக்கையாளரின் நலனுக்காக!"

பேச்சு முடிந்ததும், பணம் புறப்பட இன்னும் ஒரு சிறு சடங்கு பாக்கி என்று நோக்க அதிகாரி எழுந்தார். சரக்குப் பரிசோதனை. சரக்கு துறைமுகத்தில் இறங்கிவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் பதினேழாம் எண்ணில் முத்திரை குத்த முடியும். மேடைத் திரையில் வீடியோ அழைப்பு போட்டார்கள். எட்டடி உயரத்துக்கு அக்கா வந்து நின்றாள். பின்னால் சலவை இயந்திரம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"வாயைத் திறங்கம்மா" என்றார் நோக்க அதிகாரி.

அக்கா திறந்தாள். கூடத்தில் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது.

"துறைமுகம் காலியா இருக்கே."

"அதனாலதாம்மா பணம் கேட்கறேன்."

"சரக்கு வந்தாத்தான் பணம் போகும்."

"பணம் வந்தாத்தான் டாக்டர் பல்லைத் தருவாரு."

"அது உங்க நாட்டுச் சட்டம். எங்க விதிப்படி, முதல்ல பல்லு வாய்க்குள்ள இறங்கணும்." நோக்க அதிகாரி முத்திரையை எடுத்தார். 'சரக்கு வந்து சேரவில்லை' என்று சிவப்பில் குத்துகிற முத்திரை.

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். மேலாளர் மைக்கை வாங்கி, திரையைப் பார்த்துத் தேன் ஒழுகச் சொன்னார்: "சகோதரி, சற்றும் சஞ்சலப்படாதீர்கள். உங்கள் சிரமம் எங்கள் சிரமம்."

அக்கா கண்ணைச் சுருக்கினாள்.

"இரு, இரு. இன்னொரு தடவை சொல்லுப்பா."

"சற்றும் சஞ்சலப்படாதீர்கள், சகோதரி."

"டிக் டிக்னு கேட்குதே. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்க டாக்டர் ரூம்ல காத்துக்கிட்டு இருக்கறவங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க. ஏம்ப்பா, உன்னுது மேல் வரிசை மட்டுமா, முழு செட்டா? புதுசு போல, இன்னும் சரியாப் படியல. கொஞ்சம் பசை போட்டுக்கோ."

மேலாளர் வாயை மூடினார். மூடும்போதும் ஒரு டிக் கேட்டது, மைக் நல்ல மைக்.

நோக்க அதிகாரி மெதுவாக மேலாளர் பக்கம் திரும்பினார். பதினெட்டு வருடம் விதிப்புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவர். அவருக்கு ஆள் யார் என்பது முக்கியமில்லை.

"சார், அது எந்த நாட்டுச் சரக்கு?"

"என்னம்மா கேட்கறீங்க?"

"போன வருஷம் மூணு நாடு போயிட்டு வந்தீங்க. போறப்போ 'ச' வரிசை எல்லாம் சத்தமில்லாமத்தான் சொல்லுவீங்க. வந்ததுல இருந்துதான் டிக் டிக். வெளிநாட்டுச் சரக்கு, துறைமுகத்துல இறங்கியிருக்கு, நானே பார்க்கறேன். ஆனா பதினேழாம் எண்ணுல உங்க பேர்ல படிவம் இல்லையே? அறிவிக்காத இறக்குமதின்னா நான் தலைமையகத்துக்கு எழுதியாகணும் சார்."

"இது என் பல்லும்மா!"

"ராத்திரி டம்ளர்ல போட்டு வைப்பீங்களா சார்?"

பணம் எடுக்க வந்து மேலே ஏற்றப்பட்ட வாடிக்கையாளர்கள், அன்றைக்குப் பணம் கிடைக்காதது பற்றிய வருத்தத்தை முதல்முறையாக மறந்தார்கள். ஒருவர் பின்னாலிருந்து, "உண்மையைச் சொல்லிடுங்க சார்!" என்று குரல் கொடுத்தார்.

மேலாளருக்கு வியர்த்தது. ஆனால் சும்மா ஒன்றும் அந்த நாற்காலிக்கு வரவில்லை அவர். அரை நிமிடம் கண்ணை மூடி நின்றார். திறந்தபோது முகத்தில் பழைய ஒளி வந்திருந்தது.

"எழுதிக்கொள்ளுங்கள். இன்று முதல் இந்தக் கிளையில், வாய்க்குள் இருக்கும் வரை பல்செட் உறுப்பாகவே கருதப்படும்."

"ராத்திரியில, சார்?"

"ராத்திரி வங்கி வேலை நேரம் கிடையாது."

நோக்க அதிகாரி அதில் ஓட்டை தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஆனாலும் திரையைக் காட்டினார். "இந்தம்மா வாயில இன்னும் எதுவும் இல்லையே சார்? இதை எப்படி உறுப்புன்னு எழுதறது?"

"வரவிருக்கும் உறுப்பு என்று எழுதுங்கள்!" என்று மேலாளர் கத்தினார். "மருத்துவம்! நூற்றி எட்டு! முத்திரையைக் குத்துங்கம்மா, குத்தித் தொலையுங்க!"

முத்திரை விழுந்தது. ஊழியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வழி ஆலோசகர் ஒரு பச்சைக் கொடியை அசைத்தார். பணம் புறப்பட்டது. லிஃப்ட்காரருக்கு ஒரு சால்வையும் சாதாரண வழியின் கையேட்டில் நூறு பிரதிகளும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஒரு வாரத்துச் சிரிப்பு.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் லிஃப்ட்காரர் எந்தக் கூண்டின் தலையில் உட்கார்ந்திருந்தாலும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை பணம் அக்காவின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சொன்னபடி நான்கே நாள். வங்கியின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை என்பதால் தலைமையகத்தில் விசாரணைக்கு உத்தரவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்வி.

பணம் சேர்ந்தது. முழுதாகச் சேரவில்லை. வழியில் மூன்று வங்கிகளில் இறங்கி ஏறியதாம். முதல் வங்கி வரவேற்றதற்கு எடுத்துக்கொண்டது. இரண்டாவது வங்கி தங்க வைத்ததற்கு எடுத்துக்கொண்டது. மூன்றாவது வங்கி, முதல் இரண்டும் எடுத்துக்கொண்டது சரிதானா என்று சரிபார்த்ததற்கு எடுத்துக்கொண்டது. லிஃப்ட்காரரின் வங்கி தன் பங்குக்கு நாற்காலி வாடகை, பேனர், பச்சைக் கொடி, சால்வை எல்லாவற்றையும் அதிலேயே கழித்திருந்தது. கிட்டத்தட்டப் பாதிதான் மிச்சம்.

டாக்டர் வாரக்கடைசிக்குக் கடையைப் பூட்டப் போகிற நேரத்தில் அக்கா மூச்சிரைக்கப் போய் நின்றாளாம். அவர் பணத்தை எண்ணிப் பார்த்தார். நியாயமான மனுஷன். கண்ணாடி அலமாரியைத் திறந்து செட்டில் பாதியை, மேல் வரிசையை மட்டும், எடுத்துக் கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்திலிருந்து அக்காவின் போன் வந்தது. பின்னால் ஒரே சத்தம், பாட்டு. லிஃப்ட்காரர் பயந்துகொண்டே எடுத்தார்.

"போனியாக்கா?"

"போகாம? மேடையில ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க, இருபது நிமிஷம் பேசிட்டேன். மாப்பிள்ளை வந்து மைக்கை வாங்கிக்கிட்டுப் போனாரு. சம்பந்தியம்மா என் பக்கத்துல உட்கார்ந்ததுல இருந்து வாயே திறக்கல."

"கீழ் வரிசை இல்லாமலா பேசின?"

"சிரிச்சா யாருடா கீழ்வரிசையைப் பார்க்கறாங்க? மேல் வரிசைதான் சிரிக்கறதுக்கு. அதை வச்சு நல்லா சிரிச்சாச்சு. கீழ் வரிசை கடிக்கறதுக்கு."

"திங்கட்கிழமை சம்பள அட்வான்ஸ் கேட்டு வாங்கித் தெருமுனைக் கடையில போட்டுடறேன்க்கா. பத்து நிமிஷத்துல வந்துடும்."

"போடு, போடு. கீழ் வரிசை கைக்கு வந்ததும் டிக்கெட் எடுத்து நேரா அங்கதான் வரேன். அந்த டிக்டிக் மேனேஜர் எத்தனாவது மாடிடா?"

"நாலாவது. அங்க லிஃப்ட் கிடையாது, படியேறணும்கா, உனக்கு முடியாது."

"ஏன் முடியாது?" என்றாள் அக்கா. "கால் ரெண்டும் என் சொந்தக் கால்தான்."